ஆர்லனுக்கு நீந்தத் தெரியாது

"யார் பேரை வேணும்னாலும் வைங்க. அந்த ஆள் பேரு மட்டும் வேணாம்."

ஆர்லன் ஹாகன் இதைச் சொல்லிவிட்டு சினமன் ரோலை ஒரு கடி கடித்தார். பல்கலைக்கழகத் தலைவர் வெர்னா க்ளைன் காப்பிக் கோப்பையை மேஜையில் வைத்தார்.

விஸ்கான்சினில் ஏரிக்கரையோரம் இருக்கிற சின்னப் பல்கலைக்கழகம் அது. புது நீச்சல் குளத்துக்கான முழுச் செலவும் பழைய மாணவர் ஆர்லனுடையது. மற்ற பழைய மாணவர்களோ, மறைந்த நீச்சல் பயிற்சியாளர் டாவ்லின் பெயரைத்தான் அதற்கு வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அவர்களுக்கெல்லாம் அவர் 'கோச்'.

இதில் தர்மசங்கடம், கோச்சின் மகள் கொலீன் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் விசிலைப் புதுக் குளத்துச் சுவரில் மாட்டுவதற்காக எடுத்து வந்திருந்தார்.

"மிஸ்டர் ஹாகன், கோச் இங்கேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்..." என்று இழுத்தார் வெர்னா.

"இருக்கட்டும். என்னை நீச்சல்ல ஃபெயில் பண்ணினவர். என்னை! இந்த ஏரிக்கரையில பொறந்து வளர்ந்தவன் நான். நடக்கறதுக்கு முன்னாடி நீந்தினவன்."

அங்கே பழைய விதி ஒன்று உண்டு. நீந்திக் காட்டினால்தான் பட்டம். மகனை ஏரிக்குப் பறிகொடுத்த ஒரு சீமாட்டி, பழைய குளத்தைக் கட்டிக் கொடுத்தபோது போட்ட நிபந்தனை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்பினால் போதும்.

"அறுபத்தொன்பது, மே மாசம். மத்த எல்லாத்துலயும் பாஸ். நீந்திட்டுக் கரையேறி நிக்கிறேன், 'ஹாகன், ஃபெயில்'ங்கறார். ஏன் கோச்னு கேட்டா, 'மூச்சை ரொம்ப சத்தமா விடறே'ங்கறார்!"

கொலீன் தலையைக் குனிந்துகொண்டார்.

"செப்டம்பர்ல மறுபடி போனேன். 'முழங்கை கோணலா இருக்கு'ன்னாரு. முழங்கை கோணாம எப்படிங்க நீந்தறது?"

"உங்களை மட்டுமா ஃபெயில் பண்ணினாரு?" கொலீன் முதல்முறையாக வாய் திறந்தார்.

"கடைசி வருஷப் பசங்க நிறைய பேரை. ஆனா முதல் வருஷத்துல தண்ணியக் குடிச்சுக் கரையேறினவனை எல்லாம் பாஸ் போட்டாரு! நியாயமா இது? சிகாகோவுல எனக்கு ரயில்வே வேலை ரெடியா இருந்துச்சு. வேற ஒருத்தனுக்குப் போயிடுச்சு. என்னைக் கட்டிக்கறதா இருந்த லினெட்டும் காத்திருந்து பார்த்துட்டு ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கிட்டா. இன்னிவரைக்கும் பல்வலின்னா பக்கத்து ஊருக்குத்தான் போறேன்."

வெர்னா சிரிப்பைக் காப்பிக் கோப்பைக்குள் மறைத்தார்.

"அப்புறம் எப்பதான் பாஸ் ஆனீங்க?" கொலீன் கேட்டார்.

"ஜனவரியில. அதுதான் பெரிய கூத்து. பாதிக் குளம்கூடத் தாண்டல, 'போதும், ஏறு, பாஸ்'னுட்டாரு. நான் நீந்தினதை அவர் பார்க்கவே இல்ல. என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தாரு. கடைசியில கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு வேற."

"அதுக்கு முந்தின மாசம் என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா, மிஸ்டர் ஹாகன்?"

"டிசம்பர்லயா?" ஆர்லன் யோசித்தார். "வியட்நாமுக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் போட்டாங்க. பொறந்த தேதியை எல்லாம் கண்ணாடி ஜாடியில போட்டு, டிவியில ஒண்ணொண்ணா எடுத்தாங்க. முதல்ல வந்த தேதிக்காரன் முதல்ல போகணும். விடுதியில அத்தனை பேரும் ஒரே டிவி முன்னாடி. என் தேதி கடைசியில வந்துச்சு. தப்பிச்சேன்."

"குலுக்கல் வர்றதுக்கு முன்னாடி எப்படி?"

"அப்பல்லாம் படிச்சுக்கிட்டிருக்கற வரைக்கும் விட்டுவைப்பாங்க. பட்டம் வாங்கி வெளிய வந்தா உடனே பட்டாளத்துல கூப்பிட்..."

சினமன் ரோல் கையிலேயே நின்றது.

ஆர்லனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுபதைத் தாண்டிய மனுஷர், அதை மறைக்கவும் முயலவில்லை.

"உங்ககிட்ட அவர் சொல்லியிருக்காரா?"

"ஒரு வார்த்தை சொன்னதில்ல. நானா வருஷத்தையும் மாசத்தையும் கூட்டிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதுதான். 'ஹாகனை ஏன் ஃபெயில் பண்ணினீங்க'ன்னு கேட்டா, சாகற வரைக்கும் ஒரே பதில்தான். 'அவனுக்கு முழங்கை கோணல்.'"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அம்பது வருஷமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டிருக்கேன்."

"வெளிய தெரிஞ்சிருந்தா அவர் வேலை போயிருக்கும். நீங்களும் போயிருப்பீங்க."

வெர்னா மெதுவாகக் கேட்டார். "அப்ப பேரு...?"

"டாவ்லின்னே போடுங்க. கொட்டை எழுத்துல போடுங்க." ஆர்லன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கொலீன் பக்கம் திரும்பினார். "ஒண்ணு மட்டும் புரியல. எங்களுக்கு முந்தின வருஷக்காரங்க யாரையும் அவர் ஃபெயில் பண்ணலியே. எங்க மேல மட்டும் ஏன் அந்த இரக்கம்?"

கொலீன் விசிலை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே வளாகத்துத் தேவாலய வாசலில், வியட்நாமிலிருந்து திரும்பி வராத மாணவர்களின் பெயர் பொறித்த கல் இருந்தது.

"முந்தின வருஷம் எங்க அண்ணன் எழுதின பரீட்சை எல்லாம் பாஸ். நீச்சல் மட்டும்தான் பாக்கி இருந்துச்சு," என்றார். "எங்கப்பா ரொம்பப் பெருமையா, முதல் தடவையிலயே பாஸ் போட்டுட்டாரு."