பத்து இஞ்ச் பெட்டி

பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. அவன் நெஞ்சுக்கூடே திம் திம் என்றது. பத்து இஞ்ச் சப்வூஃபர், அடிச்சத்தத்துக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி. விலை பதினோராயிரம்.

பாண்டீஸ்வரி சிரித்தாள்.

அப்பாடா.

காசநோய்க்கு அவளுக்கு ஆறு மாதம் ஊசி போட்டார்கள். உயிர் திரும்பி வந்தது. காது போய்விட்டது. குழம்புக்கு உப்புப் போட மறந்தாலும் மறப்பாள், ரேடியோ போட மறக்க மாட்டாள். அந்த ரேடியோ இப்போது அடுப்படியில் சும்மா கிடக்கிறது. ஊசியைத் திட்டுவதா, கும்பிடுவதா? யாரைப் போய்க் கேட்பது?

லேத் பட்டறையில் கூட வேலை பார்ப்பவர்தான் வழி சொன்னார். காது போனால் என்னய்யா, அதிர்வு எங்கே போகும்? நல்ல சப்வூஃபராகப் பார்த்து வாங்கித் தரையில் வை. கையாலும் காலாலும் பாட்டுக் கேட்பாள்.

அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை.

கடைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வராத மாதிரி ஒன்று கேட்பார்களாம். இவன் தரை அதிர வேண்டும் என்கிறான். விலையும் கையைக் கடிக்கக் கூடாதாம். விவரம் தெரிந்ததும் அவரே மூன்று பெட்டிகளைத் தரையில் இறக்கி வைத்தார். நல்ல மனுஷர்.

இரண்டாவது எட்டு இஞ்ச். அதற்கும் சிரித்தாள்.

பாட்டு நின்றது. மூன்றாவது சின்னப் பெட்டி. நாலாயிரத்துச் சொச்சம். கடைக்காரர் அதன் வயரைக் கையில் வைத்துக்கொண்டு ப்ளக் பாயிண்டைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் அவள் குனிந்து கையை வைத்துவிட்டாள். கண்ணை மூடினாள். தலையை மெல்ல ஆட்டினாள்.

“ஏங்க, இதுவே போதும். நல்லாத் தெரியுது.”

கடைக்காரர் வயரைத் தூக்கிக் காட்டி ஏதோ சொல்ல வந்தார். அவன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான்.

சிரிப்பு வந்தது அவனுக்கு. கள்ளி. விலையைப் பார்த்துவிட்டாள். புருஷன் காசைக் காப்பாற்ற, கரண்டே இல்லாத பெட்டியை வைத்து நாடகம் போடுகிறாள். இவனிடமா?

சரி என்று தலையாட்டினான். வெளியே போய் ஓர் ஆட்டோ பிடி என்று உதடு தெரியும்படி சொன்னான்.

அவள் திரும்பியதும் பெரிய பெட்டியைக் கட்டச் சொன்னான். வீட்டுக்குப் போய்த் திட்டட்டும். வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். எத்தனை நாளைக்குப் பிறகு மனசு இப்படி நிறைந்திருக்கிறது.

அதே சந்தோஷத்தோடு வாசலைப் பார்த்தான்.

படியில் அவளுடைய செருப்பு ஒன்று கழன்று கிடந்தது.

அவள் நடந்துகொண்டிருந்தாள்.

உச்சி வெயில். தார் இளகிக் கிடக்கிற நேரம். வெறுங்காலை நன்றாக ஊன்றி, அவசரமே இல்லாமல் ரோட்டைக் கடந்தாள். எதிர்ப்பக்கம் வெயிலிலேயே நின்று, விரல்களைக் காட்டி ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினாள்.

செருப்பு கழன்றால் தெரிகிறதா?

ஆஸ்பத்திரியில் மாதாமாதம் அதைக் கேட்பார்கள். சீட்டில் எழுதிக் காட்டுவார்கள். காசநோய் மாத்திரை சிலவற்றுக்குக் கை கால் மரத்துப்போகும், மறைக்கக் கூடாது என்பார் டாக்டர். தெரியுது, தெரியுது என்று மாதாமாதம் சொல்லிவிட்டு வருவாள். அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான். நம்பினான், பாவி.

“பில் போட்டாச்சுண்ணே” என்றார் கடைக்காரர்.

அவன் செருப்பை எடுத்துக்கொண்டு படியில் நின்றான். தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

ரோட்டில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.