ஐந்தாவது எழுத்தாளர்

“நான் எழுதுறதிலை பிழை இருந்தா ஏசுவியளோ, ரீச்சர்?”

பியாட்றிஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அந்தப் பெண்ணைப் பார்த்தார். கேள்வி கேட்க வேண்டியவர் தானா, இவளா என்று ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“பிழை விட்டா ஏசாமல் கொஞ்சுறதோ? ஏசுவன். ஆனா மனசிலை வைச்சிருக்க மாட்டன்.”

“அது நல்லது” என்று தலையாட்டினாள் தர்ஷிகா. என்னவோ பியாட்றிஸுக்குப் பரீட்சை வைத்துப் புள்ளி போட வந்தவள் மாதிரி.

பியாட்றிஸ் ஓய்வுபெற்ற ஆசிரியை. உரும்பிராயில், தன் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டே ஒரு தமிழ் இணையத்தளம் நடத்துகிறார். கொழும்பில் வேலைசெய்யும் மகன் அமைத்துக் கொடுத்தது. சமையல், உடல்நலம், பிள்ளை வளர்ப்பு என்று நாளுக்கொரு கட்டுரை போட வேண்டும். எழுதுகிறவர்களுக்குக் கட்டுரைக்கு இவ்வளவு என்று காசு. ஆனால் எழுத வந்த நான்கு பேரும் இவருடைய வாய்க்குப் பயந்து ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். தளத்தில் புதிதாக ஒரு கட்டுரை ஏறி இரண்டு வாரம். இனியும் ஆள் கிடைக்காவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபின் அவருக்கென்று இருந்தது இந்த ஒரு வேலைதான். அதுவும் போய்விட்டால் என்ன செய்வதென்று நினைக்கவே பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் தர்ஷிகாவின் மாதிரிக் கட்டுரை மின்னஞ்சலில் வந்தது. பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழைப் பற்றி. வாசித்து முடித்தபோது பியாட்றிஸுக்கு வாயூறிவிட்டது. திருத்துவதற்கு ஓரெழுத்தும் அகப்படவில்லையே என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

போனில் கதைத்தால் போதும் என்று பதில் போட்டிருந்தார். இவளோ வல்வெட்டித்துறையிலிருந்து பஸ் ஏறி நேரிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள். வந்ததிலிருந்து கேட்பதெல்லாம் கோணல் கேள்விகளாகவே இருந்தன.

“எங்கடை விளம்பரத்தை எங்கை கண்டனீர், பிள்ளை?”

“தெரிஞ்ச ஒராள் சொன்னவர். முந்தி எழுதின நாலு பேரும் ஏன் விட்டிட்டுப் போனவை, ரீச்சர்?”

“நாலு பேர் எண்டு உமக்கு ஆர் சொன்னது?”

“கேள்விப்பட்டனான்.”

பியாட்றிஸுக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் பரவிவிட்டதோ?

“நான் விடிய வெள்ளன போன் எடுப்பன். ஒரு வசனத்தை மூண்டு தரம் மாத்தச் சொல்லுவன். அவைக்கு அது ஒத்துவரேல்லை.”

“வீட்டிலையும் இப்பிடித்தானோ?”

“உதென்ன பிள்ளை கேள்வி? வீட்டிலையும் இப்பிடித்தான். என்ரை மனுசன் நோர்மன், தேத்தண்ணிக்குச் சீனி போட முதல் என்ரை முகத்தைப் பாப்பார்.”

தர்ஷிகா வாய்விட்டுச் சிரித்தாள். பியாட்றிஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு விசயத்துக்கு வந்தார்.

“எழுத வாறவை முதல்லை காசைத்தான் கேப்பினம். நீர் அதைப்பற்றி வாயே திறக்கேல்லையே?”

“அதைப் பிறகு பாப்பம், ரீச்சர். கோயில் திருவிழா நாளிலை எழுதேலாது எண்டு சொன்னா என்ன சொல்லுவியள்?”

“ஞாயிற்றுக்கிழமையிலை நான் சேர்ச்சுக்குப் போறன். நீர் உம்மடை கோயிலுக்குப் போம். நான் ஏன் குறுக்கை நிக்கப்போறன்?”

தர்ஷிகா பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். இதில் மூச்சு விட என்ன இருக்கிறது? பியாட்றிஸுக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை.

“கடைசியா ஒண்டு, ரீச்சர். விட்டிட்டுப் போனவையை நினைச்சுக் கவலைப்பட்டிருக்கிறியளோ?”

எழும்பிப் போ என்று சொல்லத்தான் வாய் திறந்தார். வந்தது வேறு.

“ஓம். கடைசியாப் போன பிள்ளை போனிலை அழுதது. எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கேல்லை. பிறகு நானே போன் எடுத்து, பிழை என்னிலைதான் எண்டு சொன்னனான்.”

நோர்மனிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் ஏன் கொட்டினோம் என்று வெட்கமாகவும் குழப்பமாகவும் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இவளை விட்டால் இப்படி எழுதுகிற ஆள் இனிக் கிடைக்காது.

“சரி பிள்ளை, வேலை உமக்குத்தான்” என்றார். குரலில் கெஞ்சல் எட்டிப் பார்த்தது. “மற்றவைக்குக் குடுத்ததிலும் பாக்கக் கூட்டித் தாறன். எப்ப தொடங்குறீர்?”

“நாளைக்கே எழுதித் தாறன். ஆனா காசு வேண்டாம், ரீச்சர். எனக்கு வங்கியிலை வேலை இருக்கு.”

“காசு வேண்டாமோ? அப்ப என்னத்துக்குப் பிள்ளை இவ்வளவு தூரம் பஸ்ஸிலை வந்து, என்னைப் பிடிச்சு வைச்சு இவ்வளவு கேள்வி கேட்டனீர்?”

தர்ஷிகா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“எங்கடை விசயத்தை உங்களிட்டைச் சொல்லப் பயந்து உங்கடை மகன் பிறேம் ரெண்டு வருசமா இண்டைக்கு, நாளைக்கு எண்டு இழுத்துக்கொண்டிருக்கிறார். அதுதான், ஆளை நானே ஒருக்கா நேரிலை பாத்திட்டு முடிவெடுப்பம் எண்டு வந்தனான்” என்றவள், வாயைத் திறந்தபடி நின்ற பியாட்றிஸைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள். “பரவாயில்லை, சமாளிக்கலாம், மாமி!”