பதினேழாம் எண் கல்

மாலை மூன்று நாற்பது.

ஆண்டிலேயே கடல் அதிகமாக வற்றும் நேரம் அது என்று சர்வேயரின் அட்டவணை சொன்னது.

இடுப்பளவுத் தண்ணீரில் அவள் நின்றாள். ஒரு காலத்தில் அது அவளுடைய தோப்பு.

தலையில்லாத தென்னைகள் இன்னும் கடலுக்குள் நின்றன. பெரிய அலை வந்த அன்று தீவு ஒரு பக்கமாகச் சாய்ந்து அமிழ்ந்தது. அலை திரும்பிப் போனது. தண்ணீர் போகவில்லை.

மனு கொடுத்துக் கொடுத்து, இருபதாவது வருடம் போர்ட் பிளேரிலிருந்து சர்வேயர் வந்திருந்தார். கரையில் குடை பிடித்து நின்றார். கடல் ஏறிய இடங்களுக்கெல்லாம் முதலையும் வந்துவிட்டது. அவர் இறங்க மாட்டார். நிலத்துக்காரர்தான் இறங்கி எல்லைக்கல்லைக் காட்ட வேண்டும்.

"பாத்துப் போங்கம்மா. என்னய முதலை கடிச்சா வீட்டுக்குப் பென்ஷன் வரும். உங்களக் கடிச்சா ஒண்ணும் வராது."

அவர் காலருகே மணலில் குந்தியிருந்த அவள் கணவன் மருதை சிரித்தான்.

"அவளத் தின்னா முதலைக்குத்தான் சார் வயித்து வலி."

சர்க்கரை அவன் கண் இரண்டையும் எடுத்து நாலு வருடம் ஆகிறது.

கல்லை நட்டவன் அவன்.

இலங்கையின் தேயிலை மலையிலிருந்து அப்பன் ஆத்தாளோடு கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, ரப்பர் பால் வெட்டும் வேலைக்காக இந்தத் தீவில் வந்து இறங்கியபோது அவனுக்கு வயது பதினொன்று. மூன்று இடத்திலும் கூரை அடுத்தவனுடையது. முப்பது வயதில் மூன்று ஏக்கருக்குப் பட்டா கிடைத்தது. எல்லைக்கல்லை ஜீப்பில் ஏற்ற அவன் விடவில்லை. தோளில் வைத்துச் சுமந்து வந்தான். 17 என்ற எண் மங்கலாக இருக்கிறது என்று உளி இரவல் வாங்கி ஆழமாக வெட்டினான்.

கல் அகப்பட்டால் மேட்டில் மாற்று நிலம் கொடுப்பார்கள். அவன் அப்படித்தான் நம்பினான்.

நேற்றுவரை அவளும் நம்பினாள்.

நேற்று பக்கத்துத் தோப்பு சவரிமுத்து தன் கல்லைக் கண்டுபிடித்தார். தண்ணீருக்குள் நின்று கை தட்டினார். பார்க்க வந்தவர்களும் தட்டினார்கள். சர்வேயர் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தார். கல் கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தது.

பதிவேட்டில் நிலம் என்று இருந்ததை அடித்தார். கடல் என்று எழுதினார்.

கடலுக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாதவருக்கு மாற்று நிலம் கிடையாது. அலைக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக் கொடுத்து, இத்தனை வருடம் குடியிருந்த தகரக் கொட்டகையும் கிடையாது. சவரிமுத்துவுக்குக் கப்பல் சீட்டு எழுதினார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

கல் அகப்படாவிட்டால் காணவில்லை என்று எழுதுவார்கள். கோப்பு அடுத்த ஆண்டு கடல் இதே போல் வற்றும்வரை கிடக்கும்.

கொட்டகையும் கிடக்கும்.

இதை அவள் மருதையிடம் சொல்லவில்லை. காலையில் அவன் தானாகவே சவரம் செய்துகொண்டான். மோவாயில் இரண்டு இடத்தில் கீறியிருந்தது. வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தாள்.

அவள் வடக்குப் பக்கமாக நடந்தாள். காலால் துழாவுகிறவளைப் போல நடந்தாள்.

கரையில் மருதை தலையைச் சாய்த்தான். தண்ணீர் அவள் உடம்பில் மோதும் சத்தத்தைக் கேட்டான்.

"ஏ புள்ள, ஏன் வடக்கால போற? கல்லு தெக்கால."

"இங்கிட்டும் பாத்துட்டு வாறேன்."

"அங்கிட்டு என்னா இருக்கு? கக்கூசு இருந்த எடம்."

சர்வேயருக்குச் சிரிப்பு வந்தது. பதிவேட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"அவரு சொல்ற பக்கமே போங்கம்மா. தண்ணி ஏற ஆரம்பிச்சிரும்."

அவள் திரும்பினாள்.

"அந்த ரெட்டத் தென்னைக்கு நேரா போ," என்றான் மருதை. அவன் கை சரியாக அந்தத் திசையைக் காட்டியது. இரட்டைத் தென்னையில் ஒன்று போன மழைக்காலத்தில் விழுந்துவிட்டது. அதையும் அவள் சொல்லவில்லை.

மெதுவாக நடந்தாள். மணல் மூடியிருக்கும் என்று நினைத்தாள். இருபது வருட மணல். பவளத் துண்டும் சேறும் சேர்ந்து ஆளுயரத்துக்கு மூடியிருக்கும்.

வலது கால் ஒரு விளிம்பில் இடித்தது.

சதுரமான விளிம்பு.

அவள் குனியவில்லை. குனிந்தால் சர்வேயர் பார்ப்பார். முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு பெருவிரலால் தடவினாள். சிப்பி ஒட்டியிருந்தது. தோல் கிழிந்தது. மறுபடி தடவினாள்.

ஒரு நேர்கோடு.

பக்கத்தில் இன்னொன்று. மேலே படுத்து, பிறகு சாய்வாகக் கீழே இறங்கியது.

உளி போன ஆழம் அப்படியே இருந்தது.

நகர வேண்டும். இன்னும் நாலு அடி துழாவி நடந்து, கையை விரித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அடுத்த ஆண்டும் வரலாம். அதற்கடுத்த ஆண்டும்.

கால் எழவில்லை.

மற்றக் காலையும் தூக்கிக் கல்லின் மேல் வைத்தாள். இரண்டு பாதமும் அடங்கும் அளவுக்கு அதில் இடம் இருந்தது. தண்ணீர் இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது.

சர்வேயர் பேனா மூடியைக் கழற்றினார். பதினேழாம் எண்ணுக்கான பக்கத்தைப் புரட்டினார். அவர் இன்னும் அவளைப் பார்க்கவில்லை.

மருதை மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"சத்தத்தைக் காணோமே," என்றான். "கல்லு மேலதானே புள்ள நிக்கிற?"