ஒன்பதாவது தாபோ

தண்ணீர் பில்லை கிறிஸ்புலோ வாசித்தார். வாசித்தார் என்பது ஒரு மரியாதைக்கு. இலோஇலோ படகுத்துறையில் நாள் முழுக்க மெகாஃபோனில் ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. வீட்டில் மெகாஃபோன் இல்லை என்பதை அது இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

"எழுநூற்றுப் பன்னிரண்டு பெசோ."

தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போனது.

போன மாதம் அறுநூற்று நாற்பது. அதற்கு முந்தைய மாதம் ஐந்நூற்று எண்பது. சுவரில் அவர் ஒட்டிய சட்டங்களும் கூடவே ஏறிக்கொண்டிருந்தன. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி, அதில் தாபோ என்கிற கைப்பிடிக் குவளையால் எட்டு தடவைதான் மொள்ளலாம். ஒன்பதாவது மொண்டால் தாபோ பறிமுதல். அரிசி களைந்த தண்ணீர் பாத்திரம் தேய்க்க. தேய்த்த தண்ணீர் எலுமிச்சைச் செடிக்கு. பல் தேய்க்க அரை டம்ளர், அதுவும் ஆளைப் பார்த்து.

இதில் மாட்டிக்கொண்டது அவருடைய மூத்த மகள் மாயெத். வயது பதினைந்து. மே மாதத் திருவிழா மேடையில் பலகுரல் போட்டி. பெயர் கொடுக்க இன்னும் மூன்று நாள்தான். பில் ஐந்நூறுக்குக் கீழே வந்தால் மேடை, வராவிட்டால் வீடு என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

இப்போது அவர் பார்வை நேராக அவள் மேல் வந்து நின்றது. "வாயை மூடத் தெரியாதவளுக்குக் குழாயை மூடத் தெரியுமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறே தாபோவில் குளித்து, ஷாம்பு நுரை காதுக்குப் பின்னால் காய்ந்துபோய்ப் பள்ளிக்கூடம் போனவள் அவள். ஊரில் எவர் குரலையும் எடுப்பாள். பங்குச் சாமியார் தும்மினால் அடுத்த தும்மல் இவளுடையது. அப்பா எதிரே நின்றால் மட்டும் சொந்தக் குரலே கிளம்பாது.

அவர் போன பிறகு தங்கை லெங்லெங் கிட்ட வந்தாள்.

"தண்ணியைக் கொட்றது அப்பாதான் அக்கா. தினம் சாயங்கால ஜெபம் முடிஞ்சதும் குளியலறைக்குப் போறாரு. அரை மணி நேரம் குழாய் ஓடுது. வெளியே வந்தா தலைகூட நனைஞ்சிருக்காது."

மாயெத் நம்பவில்லை. ஆறு மணிக்கு அம்மா வாசலில் கோழி சுட்டு விற்கப் போய்விடுவாள். அந்த நேரத்தில்தான் மாயெத் அறைக்குள் ஒத்திகை பார்ப்பாள். அறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு மட்டும்.

அன்று சோதித்துப் பார்த்தாள். மீன்காரியின் குரலை எடுத்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் குழாய் சோவென்று திறந்தது. நிறுத்தினாள். சற்றுப் பொறுத்துக் குழாயும் நின்றது. சாமியார் குரலுக்குப் போனாள். மறுபடி சோ. நிறுத்தினாள். குழாயும் கப்சிப்.

லெங்லெங் வாயைப் பொத்திக்கொண்டாள். மாயெத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் குரல் காதுல விழக்கூடாதாம். அதுக்குத்தான் தண்ணியைத் திறந்து விடறாரு. பில் மட்டும் என் தலையில."

தங்கையின் காதில் என்னவோ சொன்னாள். லெங்லெங் வாசலில் இருந்த மீட்டரைப் பார்த்து ஓடினாள்.

மாயெத் தொண்டையைக் கனைத்தாள். இதுவரை அப்பா வீட்டில் இருக்கும்போது எடுக்காத குரலை எடுத்தாள்.

"பயணிகள் கவனத்துக்கு. அரிசி களைஞ்ச தண்ணி இன்னும் அஞ்சு நிமிஷத்துல எலுமிச்சைத் தீவுக்குக் கிளம்புது. பாத்திரத் துறையில மட்டும் நிக்கும். ஒன்பதாவது தாபோவை மொண்ட அம்மணி, சோப்பு போட்டிருந்தாலும் பரவாயில்ல, கையைத் தூக்கிட்டுக் கரைக்கு வரவும். பல் தேய்ச்ச தண்ணியை முழுங்கினவங்களுக்கு அடுத்த வாரம் டிக்கெட் கிடையாது."

குழாய் முழு வேகத்தில் பாய்ந்தது. அவள் விடவில்லை. தாபோ பறிமுதல், அரை டம்ளர், எழுநூற்றுப் பன்னிரண்டு என்று அப்பாவின் தொண்டையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வாசலில் லெங்லெங் மீட்டர் பக்கத்து வால்வைத் திருகி மூடினாள்.

குழாய் கர் கர்ரென்று இருமி நின்றது.

தண்ணீர்ச் சத்தம் போனதும், அதுவரை அதற்கு அடியில் கிடந்த சத்தம் மட்டும் மிஞ்சியது. மூச்சு முட்டி, வாளியைத் தட்டித் தட்டி, "ஐயோ போதும், வயிறு வலிக்குது" என்று ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தார்.

குழாய் நின்றது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. சிரிப்பு அப்புறம்தான் நின்றது.

"அப்பா?" என்றாள் மாயெத், சொந்தக் குரலில்.

தடுப்புக்குப் பின்னால் ஒரு செருமல். படகுத்துறை கேட்டே இராத ஒரு சின்னக் குரல் வந்தது.

"என் தலையைக் கண்டா நிறுத்திடறே. நான் சிரிக்கிறது கேட்டா ஒத்திகையையும் நிறுத்திடுவியோன்னு பயம், அதான் குழாயைத் திறந்தேன். அந்த எழுநூத்துச் சொச்சமும் என்னோட சிரிப்புக்கு ஆன செலவும்மா. நாளைக்கே போய்ப் பேர் குடுத்துடு."

வாசலில் இருந்து லெங்லெங், வால்வைத் திறக்கட்டுமா என்று கத்தினாள்.

"வேண்டாம், மூடியே இருக்கட்டும்" என்றார் அப்பா உள்ளேயிருந்து. "மாயெத், அந்த எலுமிச்சைத் தீவுக் கப்பலை மட்டும் இன்னொரு தடவை கிளப்பு."