ஒரு நாள் காப்பகம்

“யாரு கேட்டாலும் தினமும் வர்றோம்னுதான் சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வெளிய வரக்கூடாது, ஆமா.”

வேனில் கூட்டி வந்த பெண்களிடம் சிரிச்சமூஞ்சி மறுபடியும் சொன்னான். கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவன் தொழில். திட்டும்போதும் வாயெல்லாம் பல்லாக நிற்பான் என்பதால் அந்தப் பெயர்.

நடக்க முடியாத பிள்ளைகளுக்கான பகல் காப்பகம் அது. ஊரார் வரிப்பணத்தில் நகராட்சி மானியம் கொடுத்தது. பூட்டிக் கிடந்த கட்டடத்துக்கு வருடக்கணக்காகப் பணம் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இனிமேல் நேரில் ஆய்வு செய்த பிறகுதான் மானியம் என்று நகராட்சி திடீரென்று கண்டிப்புக் காட்டவே, காப்பகத்துக்காரர்கள் அவசர அவசரமாகப் பூட்டை உடைத்து, சுவருக்கு மஞ்சள் அடித்து, வாடகைப் பொம்மைகளைக் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். பிள்ளைகளும் தாய்மாரும்கூட வாடகைக்குத்தான்.

மாடிப்படி துடைத்துப் பிழைக்கும் ஒருத்தியும் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். மற்ற நாட்களில் மகளை உள்ளே விட்டு, வெளியே பூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். என்ன செய்ய, வேறு வழியில்லை.

இன்றைக்கு மகள் ஒரு பெரிய பந்தைக் கட்டிப்பிடித்தபடி பக்கத்துப் பிள்ளையிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளுக்குப் பேச்சுத் துணை சுவர்தான்.

“அம்மா, நாளைக்கும் வருவோமா?”

அந்தக் கேள்வியில்தான் இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது.

ஆய்வாளர் வந்தார். தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ, கையில் ஃபைல். புது ஷூ கடித்ததோ என்னவோ, லேசாக நொண்டினார். கூடவே ஒருவன் படம் எடுத்துக்கொண்டே வந்தான். வாசல் பலகையையும் எடுக்கச் சொல்லி சிரிச்சமூஞ்சி அவனை வெளியே கூட்டிப்போன நேரம் பார்த்து, இவள் எழுந்து ஆய்வாளரிடம் போனாள்.

“சார், எல்லாம் பொய் சார். இங்க எதுவும் நடக்கல. எங்களைக் கூலிக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க.”

அவர் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்கு எவ்வளவு பேசினாங்க?” என்று கேட்டார்.

சொன்னாள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

“அந்தக் காசுகூட வேணாம் சார். இதை நிஜமாவே நடத்தச் சொல்லுங்க. எம் பொண்ணைப் பூட்டி வைக்காம நான் வேலைக்குப் போகணும். அவ்வளவுதான் சார்.”

அவர் பந்தோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஃபைலைத் திறந்து, இவள் சொல்லச் சொல்லத் தலை நிமிராமல் எழுதினார். பக்கத்தைத் திருப்பி அதிலும் எழுதினார். இவள் சொன்னதை ஒரு அதிகாரி எழுதிக்கொண்டது இந்த ஜென்மத்தில் அதுதான் முதல் தடவை.

“வருவோம் கண்ணு. நாளைக்கும் வருவோம்” என்றாள் மகளிடம்.

சாயங்காலம் எல்லோரும் வேனில் ஏறினார்கள். பொம்மைகள் வேறு வண்டியில் ஏறின. பெரிய பந்துக்கு மகள் டாட்டா காட்டினாள்.

வேன் கிளம்பும் நேரத்தில் ஓர் ஆள் ஓடிவந்து ஏறி, இவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கசங்கிய சட்டை, வெறுங்கால், குதிகாலில் தோல் உரிந்திருந்தது. இவள் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

“சார்… நீங்களா?”

“சாரெல்லாம் இல்லக்கா. ஆய்வு பண்ற காண்ட்ராக்டையும் சிரிச்சமூஞ்சிதான் எடுத்திருக்கான். படத்துல நிக்க ஒரு ஆபீசர் வேணும்னான், வந்தேன். உங்களுக்குப் பேசினதுல பாதிதான் எனக்கு.”

“அப்போ நான் சொன்னதையெல்லாம் எழுதினீங்களே?”

மகள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“எழுதுற மாதிரி கையை ஆட்டச் சொன்னாங்கக்கா. அந்தப் பேனாவுல மையே இல்ல.”