சோத்தாங்கைப் பக்கம்

குமணன்சாவடி ஒர்க்‌ஷாப்பில் தன் பழைய காரை நிறுத்தி இறங்கும்போதே கங்காதரன் கத்தினார்.

“இன்னா பாய் வேலை பார்த்துகீறே? புது பேரிங் ஹப் போட்டும் முன் சக்கரம் அதே மாதிரி ஊன்னு ஊளையிடுது! சாயந்தரம் குடும்பத்தோட திருப்பதி கிளம்பணும்.”

மெக்கானிக் ஹபிபுல்லாவுக்கும் எரிச்சல் வந்தது. “ஓட்டிப் பார்த்துட்டு மாத்தறேன்னு நேத்தே சொன்னேன் சார். டைம் இல்ல, சொன்ன பக்கத்தை மாத்துன்னு வண்டியைப் போட்டுட்டுப் போனது நீங்கதான். எந்தப் பக்கம்னு சொன்னீங்க?”

“சோத்தாங்கைப் பக்கம்! எத்தினி தபா சொல்றது?”

“அதைத்தான் சார் மாத்தினேன். பீச்சாங்கைப் பக்கமும் ஒரு தபா பார்த்துடட்டுமா?”

“அது நல்லாத்தான் கீது. அதுல கைய வெச்சே, அவ்ளோதான்! சோத்தாங்கைப் பக்கத்தை ஒழுங்கா மாத்து. பசி வேற உசுர வாங்குது.”

கங்காதரன் பெஞ்சில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் ஜாக்கியை எடுத்துவந்த ஹபிபுல்லா, அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

கங்காதரன் தயிர்சாதத்தை இடது கையால் பிசைந்து, அதே கையால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சார்... எப்பவுமே இந்தக் கையிலதான் சாப்பிடுவீங்களா?”

“சின்ன வயசுலேர்ந்தே இதான். அதுக்கு இன்னா இப்போ?”

“அப்போ உங்களுக்கு சோத்தாங்கைன்னா...”

கங்காதரன் தயிர் வழியும் இடது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“சோறு துன்ற கைதான்யா சோத்தாங்கை! இதுகூடத் தெரியாம இன்னா மெக்கானிக் நீ?”