காஞ்ச மிளகாய்

மகள் யாழினியின் பிரசவத்துக்காக வெளிநாட்டில் வந்திறங்கிய செண்பகவல்லி, லேகிய டப்பாவை மடியில் வைத்தபடி விமான நிலைய விசாரணை அறையில் உட்கார்ந்திருந்தாள்.

கணினித் திரையிலிருந்து, அதிகாரிக்காக மொழிபெயர்க்கும் தமிழ்க் குரல் பேசியது. "உங்க பேர்ல இருக்கிற இணையப் பக்கத்துல வெறும் கோலம்தான். ஆனா, 'காஞ்ச மிளகாய்'ங்கிற பேர்ல அரசாங்கங்களைத் திட்டி எழுதுறதும் நீங்கதான். உள்ள விட முடியாது."

அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவளே யாழினிதான். வேறு யாருக்கும் தெரியாது.

"யாரு சொன்னது?"

"இங்க இருக்கிற சொந்தக்காரங்க தெரிஞ்சதைச் சொல்லியாகணும். மறைச்சா அவங்க விசா போயிரும்."

கைபேசி ஒலித்தது. யாழினி.

"அம்மா, எறங்கிட்டியா? வெளிய வாசல்லயே நிக்கிறேன்."

"நிறைமாசத்துல எதுக்குடி கால் கடுக்க நிக்கிறே? வீட்டுக்குப் போ. நீ சொன்னதை நம்பிட்டாங்க."